பிடிப்பது வேறு, பூட்டுவது வேறு

போன செமஸ்டர் ஹாஸ்டல்ல நடந்த கதை. பார்சல் ஒண்ணு வந்துச்சு. பிரிக்க நண்பன் பேனாக்கத்தியை எடுத்தான். டேப்பை அறுக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகலை. அப்புறம் மரப்பெட்டி மூடிக்குக் கீழே முனையைச் செருகி, கத்தியோட முதுகுப் பக்கத்தால நெம்பினான். கத்தி சட்டுன்னு அவன் விரல் மேலேயே மடங்கிருச்சு. நாலு தையல். "மட்டமான கத்தி"ன்னு எல்லாரும் சொன்னோம். உண்மையில கத்தி நல்ல கத்திதான். அது எந்த வகைன்னு எங்கள்ல ஒருத்தருக்கும் தெரியலை.

மடக்குக்கத்தி சேர்க்கிறவங்க, பையில வச்சிருக்கிறவங்க நம்மகிட்டயும் இருக்காங்க. அவங்க தெரிஞ்சுக்க வேண்டிய முதல் பாடம் இது. பாடத்தை நம்ம ஊர்ப் பூட்டுல இருந்து தொடங்கலாம்.

பூட்டுக்குள்ளே என்ன இருக்கு?

2019-ல புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டு லீவர் வகையைச் சேர்ந்தது. மாங்காய்ப் பூட்டை எல்லாருக்கும் தெரியும். உள்ளே தகடு தகடா லீவர்கள் இருக்கும். ஒவ்வொண்ணையும் ஒரு ஸ்பிரிங் அழுத்திக்கிட்டு இருக்கும். சரியான சாவி ஒவ்வொரு லீவரையும் அதுக்கு உரிய உயரத்துக்குத் தூக்கும். அப்போ லீவர்கள்ல வெட்டியிருக்கிற காடிகள் ஒரே கோட்டுக்கு வரும். தாழ்ல இருக்கிற முளை அந்தக் காடிக்குள்ள நகர, பூட்டு திறக்கும். ஒரே ஒரு லீவர் உயரம் தப்பினாலும் முளை இரும்புல முட்டி நின்னுடும்.

இதுல ஒண்ணைக் கவனிங்க. ஸ்பிரிங் செய்யுற வேலை லீவரை அதன் இடத்துல வைக்கிறது மட்டும்தான். திருடனைத் தடுக்கிறது ஸ்பிரிங்கோட பலம் இல்லை, குறுக்கே நிக்கிற இரும்பு.

கத்திக்குள்ளே என்ன இருக்கு?

சாதாரண பேனாக்கத்தியில குறுக்கே நிக்கிற இரும்பு கிடையாது. பிடியோட முதுகுல ஒரு பட்டை ஸ்பிரிங் இருக்கும். விரிச்ச கத்தியில அலகோட அடிப்பகுதியை அதுதான் அழுத்திப் பிடிக்குது. 'டக்'குன்னு சத்தம் வந்ததும் பூட்டிருச்சுன்னு நினைக்கிறோம். பூட்டலை, பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எடுத்துக்காட்டுக்கு, ஸ்பிரிங் 100 நியூட்டன் விசையோட, ரிவிட்ல இருந்து 5 மி.மீ. தள்ளி அழுத்துதுன்னு வைங்க. திருப்புவிசை 500 நியூட்டன் மி.மீ. அலகு நீளம் 60 மி.மீ. அப்படின்னா முனைக்குப் பக்கத்துல, முதுகு மேல சுமார் 8.3 நியூட்டன் விழுந்தாலே கத்தி மடங்கத் தொடங்கும். ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டோட எடைகூட இல்லை! நண்பன் நெம்பினது இதைவிடப் பல மடங்கு.

அப்போ மாம்பழம் நறுக்கும்போது ஏன் மடங்கலை? நறுக்கும்போது விசை கூர்ப் பக்கத்துல விழுது. அது அலகை இன்னும் விரியத்தான் தள்ளும். அங்கே அலகு ஸ்பிரிங் முனையில முட்டி நிக்குது. அந்தத் திசையில மட்டும் கத்திக்கும் குறுக்கே இரும்பு இருக்கு.

பிரான்சுல ஜோசப் ஒப்பினெல் 1890-ல செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்திக்கு, 1955-ல ஒரு உலோக வளையம் சேர்த்தாங்க. கத்தியை விரிச்சு வளையத்தைத் திருப்பினா, அலகு மடங்குற பாதையை அது அடைச்சிடும். நம்ம பூட்டுல பார்த்த அதே தத்துவம்.

வாங்கும் முன், வச்சிருக்கும்போது

• விரிச்ச கத்தியை எது நிறுத்துது, ஸ்பிரிங்கா, குறுக்கு இரும்பா? கடையிலேயே பாருங்க.
• ஸ்பிரிங் வகைன்னா நறுக்க மட்டும். குத்தாதீங்க, நெம்பாதீங்க. பூட்டு உள்ள கத்தியாலயும் நெம்ப வேண்டாம், முனை ஒடியும்.
• கார்பன் ஸ்டீல் அலகு மாங்காய்ப் புளிப்புல கறுக்கும், ஈரத்துல துருப்பிடிக்கும். துடைச்சு, ரிவிட்ல ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விடுங்க.
• 9 அங்குலத்துக்கு மேல நீளமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ உள்ள அலகு, வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோ செஞ்சது இல்லைன்னா, 2016 ஆயுத விதிகள்படி ஆயுதப் பட்டியல்ல வரும். சின்னக் கத்தின்னாலும் எங்கேயும் கொண்டுபோகலாம்னு அர்த்தம் இல்லை. விமானத்துல கைப்பையில வைக்க முடியாது. காலேஜ், ஹாஸ்டல் விதியையும் பாருங்க.
• கூட்டத்துல விரிச்சுக் காட்டாதீங்க. உங்களுக்கு அது கொய்யா நறுக்குற கத்தி. எதிர்ல இருக்கிறவருக்கு அது சினிமாவுல பார்த்த ராம்பூர் கத்தி.

நண்பன் அந்தக் கத்தியைத் தூக்கிப் போடலை. இப்பவும் அதுலதான் எங்களுக்குக் கொய்யா நறுக்கித் தர்றான். பெட்டி திறக்க மட்டும் ஸ்குரூ டிரைவர் கேக்குறான்.