சீனிக்குப் பதிலாகக் கித்துள் கருப்பட்டி

ஊரில் இருந்தபோது கருப்பநீரைக் காய்ச்சி வார்த்த பனங்கட்டியைக் குட்டானோடு வாங்கினோம். இடம்பெயர்ந்து வந்த பிலிமத்தலாவைப் பக்கத்தில் பனங்கூடலைக் காணோம். ஆனால் கண்டிக் கிராமங்களில் கித்துள் மரம் உண்டு. அதன் பாளையைச் சீவி எடுக்கும் இனிப்பு நீரைக் காய்ச்சினால் முதலில் பாணி, மேலும் காய்ச்சினால் கருப்பட்டி. சிங்கள அயலவர் இதனை ‘ஹக்குரு’ என்பர். நாம் அறிந்த சமையலுக்கு இது நன்கு பொருந்தும். மூன்று விடயங்களைக் கவனிப்போம்.

1. கட்டியைத் தட்டி, சிறிது சுடுநீரில் கரைத்து, துணியில் வடிப்போம். மண்ணும் தும்பும் நீங்கும்.

2. பொங்கலுக்கு அரிசியும் பயறும் நன்றாக வெந்த பின்னரே கரைசலை ஊற்றுவோம். முந்தி ஊற்றினால் அரிசி வேகாது விறைத்து நிற்கும்.

3. பசுப்பால் பாயாசத்தை அடுப்பால் இறக்கி, சற்று ஆறிய பின் சேர்ப்போம். கொதிக்கும்போது சேர்த்தால் பால் திரைந்துவிடும்.

தேநீரில் கரைக்கத் தேவையில்லை. வெறும் தேநீருடன் சிறு துண்டைக் கடித்துக்கொள்வது இங்குள்ள வழக்கம், செலவும் குறையும்.

ஆனால் ஏமாற வேண்டாம். கருப்பட்டியில் இரும்புச்சத்து போன்றவை சிறிதளவு இருந்தாலும், பெரும்பகுதி சீனிச்சத்தே. நீரிழிவு உள்ளவர்களுக்கு இதுவும் சீனியைப் போன்றதே, தாராளமாக உண்ணலாகாது. சீனி கலந்து வார்த்த கட்டிகளும் சந்தைக்கு வருகின்றன. அவற்றுக்குக் கூடிய விலை கொடுப்பது வீண்.

ஆகவே நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து, மரம் சீவுபவரிடமே நேரில் வாங்குவோம். அவருடைய உழைப்புக்கு உரிய விலை கிடைக்கும். வந்த இடத்தில் நமக்கும் ஓர் அயலவர் கிடைப்பார்.