தண்டவாளமும் வேகமும்



நம் பள்ளித் திடலுக்கு அப்பால், செம்பனை மரங்களுக்கிடையே மின்இரயில் பாய்ந்து செல்வதை நாள்தோறும் காண்கின்றீர்கள். அது ஏன் அவ்வளவு விரைவாக ஓடுகிறது என்று வகுப்பில் வினவினேன். “இஞ்சின் வலிமையானது, ஐயா” என்றான் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன். அது பாதி விடையே. மீதிப் பாதி தரையில் கிடக்கிறது. நம் தோட்டத்துப் பெரியோர் கம்பிச்சடக்கு என்று கூறும் இருப்புப்பாதைதான் அது.

நம் நாட்டில் முதல் இரயில் 1885ஆம் ஆண்டில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு வரை ஓடியது. பின்னர் நீண்ட பாதைகளை அமைத்தோர், மலையைக் குடைவதைவிட அதனைச் சுற்றிச் செல்வதே செலவு குறைவென்று கருதினர். ஆதலால் வளைவுகள் மிகுந்தன. திடலின் மூலையில் ஓடித் திரும்பும்போது உங்கள் உடல் உட்புறம் சாய்வதைக் கவனித்திருப்பீர்கள். இரயிலும் அவ்வாறு சாய வேண்டி, வளைவில் வெளிப்புறத் தண்டவாளத்தைச் சற்று உயர்த்தி அமைப்பர். ஆனால், வேகம் இருமடங்கானால் வெளியே தள்ளும் விசை நான்கு மடங்காகும்! ஓரளவுக்குமேல் உயர்த்துவதால் பயனில்லை. பாதையையே நேராக்க வேண்டும். பாடாங் ரெங்காஸுக்கும் தைப்பிங்குக்கும் இடையே மலையில் வளைந்து சென்ற பழைய பாதைக்கு மாற்றாக, இன்று மூன்று கிலோமீட்டருக்கும் மேலான சுரங்கப்பாதை உள்ளது.

வளைவைவிடப் பெரிய தடை ஒன்றுண்டு. நான் ஆசிரியர் கல்லூரியில் பயின்ற நாளில், வண்டி சிறு நிலையத்தில் நின்றுவிடும். ஒற்றைப் பாதையாதலால் எதிர்வண்டி கடக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு கணக்குப் போடுவோம். 60 கிலோமீட்டர் தொலைவை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க ஒரு மணி நேரம் ஆகும். இடையில் பதினைந்து நிமிடம் வீதம் இருமுறை நின்றால் 90 நிமிடம். வேகத்தை 80 ஆக உயர்த்தினாலும் 75 நிமிடம் ஆகும். வேகத்தை உயர்த்தாமல் இரண்டாவது பாதையை இட்டுக் காத்திருப்பை நீக்கினாலோ 60 நிமிடமே!

ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டருக்கு இவ்வாறு இரட்டைப் பாதை இட்டு மின்கம்பியும் கட்டினர். 2015இல் அங்கு மின்இரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளங்களின் இடைவெளி அன்றுபோல் இன்றும் ஒரு மீட்டர்தான். எனினும் வண்டி மணிக்கு 140 கிலோமீட்டர் வரை செல்கிறது. மரச் சிலிப்பர்க்கட்டைக்கு மாறாகக் கான்கிரீட் கட்டை வந்தது. தண்டவாள இணைப்புகளைப் பற்றவைத்ததால் பழைய ‘தடக் தடக்’ ஓசையும் குறைந்தது.

பெற்றோரே, இவ்விடத்தில்தான் எனக்குக் கவலை. 140 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்கு 39 மீட்டர். நூறு மீட்டர் திடலை மூன்று நொடிக்குள் கடந்துவிடும். பழைய வண்டி தொலைவில் ஊதும்போதே நாம் கடந்து சென்ற காலம் வேறு. இரட்டைப் பாதையில் ஒரு வண்டி போனதும் ஓடிக் கடப்போர், அதன் மறைவில் வரும் மற்றொன்றைக் காண்பதில்லை. மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் உள்ளது. குலை வெட்டும் நீண்ட அலுமினியக் கோலை அதனருகே கொண்டு சென்றாலே, தொடாமலும் மின்சாரம் பாயும்.

கடைத்தெருவுக்குச் செல்லும் வழியில் வேலிக்கம்பி வெட்டப்பட்டிருப்பதைச் சென்ற மாதம் கண்டேன். அதனருகே சிறு காலணித் தடங்களும் இருந்தன. மேம்பாலத்தைச் சுற்றிச் சென்றால் பன்னிரண்டு நிமிடம் கூடுதலாகிறது; நானே நடந்து பார்த்தேன்.