இசை குடியிருந்த வீடு

தொடக்கப்பள்ளி இசைப் பாடத்தில் ரெக்கார்டர் என்னும் குழலை நீங்கள் வாசித்திருக்கலாம். நூறு ஆண்டுகளுக்கு முன்பு அதை வாசிப்போர் மிகச் சிலரே. அதற்கு மறுவாழ்வு கிடைத்த கதை, ஒரு விந்தையான வீட்டில் தொடங்குகிறது.

ஆர்னல்ட் டால்மெட்ச் 1858ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் பிறந்தார். இசைக்கருவிகள் செய்யும் குடும்பம் அவருடையது. இலண்டனில் வயலின் ஆசிரியராகப் பணியாற்றியபோது, பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தில் பழைய இசைச்சுவடிகளைக் கண்டார். அவற்றை எழுதியவர்கள் மனத்தில் கேட்ட ஒலி எது என்ற கேள்வி அவரை விடவில்லை.

அக்காலத்தில் எங்கும் பியானோவே கோலோச்சியது. பியானோவில் சிறு சுத்தியல் தந்தியைத் தட்டும். அதற்கு முந்திய ஹார்ப்சிகார்டிலோ, இறகின் தண்டு தந்தியை மீட்டும். இரண்டின் ஒலியும் வேறு. பழைய இசையைப் பழைய கருவியில்தான் கேட்க வேண்டும் என்று டால்மெட்ச் உறுதியாக நம்பினார். பழுதடைந்த கருவிகளைத் தேடி வாங்கிச் சீர்செய்தார்; பிறகு தாமே புதியன செய்தார்.

அவர் வீட்டில் மெழுகுவர்த்தி ஒளியில் கச்சேரிகள் நடந்தன. எழுத்தாளர் பெர்னாட் ஷா அவற்றைப் பாராட்டி எழுதினார். கவிஞரும் கைவினைக் கலைஞருமான வில்லியம் மோரிஸ் நெருங்கிய நண்பரானார். அவர் தூண்டுதலால் டால்மெட்ச் செய்த ஹார்ப்சிகார்டு, 1896இல் இலண்டன் கைவினைக் கண்காட்சியில் இடம்பெற்றது. அதே ஆண்டு மோரிஸ் மரணப் படுக்கையில் இருந்தார். டால்மெட்ச் நண்பரின் வீட்டுக்கே சென்று, விர்ஜினல் என்னும் பழைய விசைக்கருவியை வாசித்தார். கேட்ட மோரிஸ் மிகவும் நெகிழ்ந்தார்.

1917இல் டால்மெட்ச் குடும்பம் ஹேசல்மியர் என்ற சிற்றூரில் குடியேறியது. அங்கே வீடும் பட்டறையும் பள்ளியும் ஒன்றாகவே இருந்தன. பிள்ளைகள் சிறு வயதிலேயே பல கருவிகளைக் கற்று, பெற்றோருடன் மேடை ஏறினர்.

1919இல் குடும்பத்தினர் இலண்டனில் கச்சேரி முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தனர். வாட்டர்லூ ரயில் நிலையத்தில் ஏழு வயது மகன் கார்ல் ஒரு பையை மறந்து வைத்துவிட்டான். அதற்குள் பதினெட்டாம் நூற்றாண்டின் அரிய ரெக்கார்டர் இருந்தது! இழப்பு பெரிது. ஆனால், டால்மெட்ச் சோர்ந்துவிடவில்லை. பலமுறை முயன்று, அதைப் போன்ற குழலைத் தாமே செய்து முடித்தார். பின்னர் அவருடைய பட்டறையிலிருந்து ரெக்கார்டர்கள் பலர் கைகளுக்குச் சென்றன.

பையைத் தொலைத்த கார்ல் வளர்ந்து, புகழ்பெற்ற ரெக்கார்டர் கலைஞரானார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மாணவர்கள் எளிதில் வாங்கக்கூடிய பிளாஸ்டிக் ரெக்கார்டரையும் அவர் வடிவமைத்தார். அன்று தொலைந்தது ஒரு குழல். இன்று உலகெங்கும் எத்தனையோ வகுப்பறைகளில் அதன் ஒலி கேட்கிறது.

அருஞ்சொற்பொருள்
கோலோச்சியது – ஆட்சி செய்தது
பட்டறை – பொருள்கள் செய்யும் இடம்

சிந்தித்து விடையளிக்க
1. பழைய இசையைப் பழைய கருவியில் கேட்க வேண்டும் என்று டால்மெட்ச் கருதியது ஏன்?
2. டால்மெட்சின் வீடு மற்ற வீடுகளிலிருந்து எவ்வாறு வேறுபட்டிருந்தது?
3. ‘இழப்பும் ஒரு தொடக்கமே.’ இக்கருத்தை ஒட்டி உன் அனுபவம் ஒன்றை எழுதுக.