சார்லி ஜான்ஸ்: சிற்றூரிலிருந்து வந்த செனட்டர்

மாநிலச் சட்டமன்றங்கள் பற்றிய இடுபணிக்காக நான் எடுத்துக்கொண்டவர், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துப் பழமைவாதி சார்லி ஜான்ஸ். 1905இல் பிறந்தவர், ஸ்டார்க் என்ற சிற்றூர்க்காரர், இரயில் நடத்துநராக வேலை பார்த்தவர். 1930களில் சட்டமன்றம் புகுந்தார். 1953இல் ஆளுநர் டான் மெக்கார்ட்டி காலமானதும், செனட் தலைவர் என்ற முறையில் தற்காலிக ஆளுநரானார். மறு ஆண்டே கட்சியின் உட்தேர்தலில் லெராய் காலின்ஸிடம் தோற்றார்.

மாநிலம் முழுவதும் வாக்களித்தபோது தோற்றவருக்குச் செனட்டில் மட்டும் செல்வாக்குக் குறையவில்லை. ஏன்? நகரங்கள் பெருகியும் தொகுதிகள் அதற்கேற்ப மாறவில்லை. மக்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானோரே செனட்டர்களில் பெரும்பான்மையினரைத் தேர்ந்தெடுத்துவிடலாம்! 'போர்க் சாப் கும்பல்' எனப் பெயர் பெற்ற நாட்டுப்புறச் செனட்டர்களுள் ஜான்ஸ் முக்கியமானவர். அவருடைய கொள்கையைவிட இந்தக் கணக்கே எனக்கு அச்சமூட்டுகிறது.

அந்தப் பலத்தில்தான் 1956இல் 'ஜான்ஸ் குழு' பிறந்தது. முதலில் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யில் கம்யூனிஸ்டுகளைத் தேடியது. பிறகு பல்கலைக்கழகங்களுக்குள் நுழைந்து, ஓரினச்சேர்க்கையாளர் எனச் சந்தேகித்த விரிவுரையாளர்களையும் மாணவர்களையும் துருவித் துருவி விசாரித்தது. பலர் வேலையையும் படிப்பையும் இழந்தனர். நம் வயதினர்தாம், நண்பர்களே.

மயாமிக் கிளைத் தலைவர் தியோடர் கிப்சன், சங்க உறுப்பினர் பட்டியலைக் கொண்டுவர மறுத்தார். 1963இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது. குழு 1965இல் கலைந்தது. ஜான்ஸின் செனட் வாழ்வு 1966இல் முடிந்தது. 1967இல் நீதிமன்றம் தொகுதிகளையே திருத்தியமைக்க வைத்தது.