இரண்டாவது வழி எங்கே?

ஆண்டர்சன்பேட்டை,
கோலார் தங்கவயல்.

அன்புள்ள பாப்பா,

ராபர்ட்சன்பேட்டை வீட்டு மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டு, சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கப்போகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். ரொம்ப சந்தோஷம். காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வண்டி கீற்று இறக்க விலை பேசியாயிற்று என்றும் சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் பேனாவை எடுத்தேன். போனில் சொன்னால் "சரி மாமா" என்று வைத்துவிடுவாய்.

கீற்றுக்கு நான் எதிரி இல்லை. சித்திரை மாதம் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்தவனுக்குத்தான் கீற்றின் அருமை தெரியும். மைன்ஸ் தொடங்கிய காலத்தில் நம் ஆட்கள் குடியிருந்ததே மூங்கில் தட்டிக் குடிசைகளில்தான். வெளிநாட்டிலும் கூரை வீடு உண்டு. ஹவாய்த் தீவுகளில் மௌயி என்று ஒரு மாவட்டம். அங்கே பழைய முறையில் புல் வேய்ந்து கட்டும் வீட்டை 'ஹாலே' என்பார்கள். தீப்பிடிக்கும் என்று பயந்து அதை ஒழித்துவிடவில்லை. எவ்வளவு பெரிதாகக் கட்டலாம், பக்கத்துக் கட்டடத்துக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று தனி விதி போட்டு அனுமதித்திருக்கிறார்கள். நானும் உன்னைக் கொட்டகை போடாதே என்று சொல்லவில்லை. மாடியில் போடாதே என்கிறேன்.

காரணம் 2004-ஆம் வருஷம். அப்போது நீ பிறந்திருக்க மாட்டாய். ஜனவரி 23-ஆம் தேதி ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். மாடியில் கீற்றுப் பந்தலுக்குக் கீழே முகூர்த்தம். வீடியோ விளக்குக்குப் போன ஒயரில் பிடித்த தீ கீற்றில் ஏறியது. இறங்கக் குறுகலான படிக்கட்டு. மாப்பிள்ளை உட்பட 50க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். ஊரெல்லாம் அதையே பேசியது. பேசி முடிப்பதற்குள் ஜூலை 16, ஒரு வெள்ளிக்கிழமை, கும்பகோணம். காசிராமன் தெருவில் ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள். கீழே மதிய உணவுக்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அங்கிருந்த கீற்றில் பிடித்த தீ மாடிக் கூரைக்குத் தாவியது. மாடியில் இருந்தவர்கள் ஐந்தாம் வகுப்பும் தாண்டாத குழந்தைகள். எரிந்த கூரை மூங்கிலோடு சேர்ந்து அவர்கள் மேலேயே விழுந்தது. 94 குழந்தைகள். வழக்கு பத்து வருஷம் நடந்து, 2014 ஜூலையில் தஞ்சாவூர் நீதிமன்றம் பள்ளி நிறுவனருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது.

இரண்டு இடத்திலும் கீற்று மாடியில் இருந்தது, இறங்கும் வழி போதவில்லை. அதற்கு முன்பே, 2001 ஆகஸ்டில், ஏர்வாடி மனநலக் காப்பகக் கொட்டகை எரிந்து 28 பேர் இறந்தார்கள். அவர்களைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்தார்கள். அவர்களுக்கு ஒரு வழிகூட இல்லை.

மைன்ஸ் மூடின 2001 வரைக்கும் பூமிக்குள்ளே இறங்கி ஏறினவன் நான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அங்கே தங்கம் கிடைக்கிறதோ இல்லையோ, சுரங்கச் சட்டத்தில் ஒரு விதி உண்டு: வேலை நடக்கும் இடத்திலிருந்து மேலே வர, ஒன்றுக்கொன்று தள்ளியுள்ள இரண்டு வழியாவது இருக்கவேண்டும். ஒரு வழி அடைபட்டால் இன்னொன்று. பாறையைக் குடையும் ஆளுக்கு இரண்டு வழி கேட்ட சட்டம் இருந்த ஊரில், ஆறாம் வாய்ப்பாடு படிக்க வரும் பிள்ளைக்கு ஒற்றைப் படிக்கட்டு போதும் என்று நீ நினைக்கலாமா? உன் மாடிப்படி எனக்குத் தெரியும். எதிரே ஒருத்தர் வந்தால் சுவரோடு ஒட்டி நிற்கவேண்டும்.

கீற்று எப்படி எரிகிறது என்று தெரிந்துகொள். பின்னிய ஓலைக்கும் ஓலைக்கும் நடுவே காற்று நிற்கும். மேல்பக்கம் மழையில் நனைந்திருந்தாலும் அடிப்பக்கம் சருகாகக் காய்ந்து, ஒட்டடையும் தூசியும் பிடித்துக் கிடக்கும். பொறி பட்டால் தீ முதலில் அடிப்பக்கமாகவே ஊர்ந்து முகட்டுக்கு ஏறும். சூடும் புகையும் அங்கே திரளும். பிறகு முகட்டின் நீளத்துக்கும் பரவும். வெளியே நிற்பவர் மேலே ஜுவாலையைப் பார்க்கும் நேரத்தில் உள்ளே பாதிக் கூரை பிடித்திருக்கும். அடுத்தது கட்டு. கயிறு எரிந்தால் மூங்கில் சரியும். ஒழுகாமல் இருக்கட்டும் என்று கீற்றுக்கு அடியில் தார்ப்பாய் விரிப்பார்கள் பார், அது இன்னும் மோசம்: உருகி எரியும் சொட்டுகளாகத் தலையில் விழும். இதற்கெல்லாம் மணிக்கணக்கு ஆகாது, சில நிமிஷம் போதும். ஆடிக் காற்றில், மைன்ஸ் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுத் தூசி வீட்டுக்குள் வருகிற நாளாக இருந்தால் அதுவும் ஆகாது.

ஆகையால் கொட்டகையைப் பின்பக்கத்துக் காலி இடத்தில், தரையில் போடு. சமையலறை ஜன்னலிலிருந்தும் கேஸ் சிலிண்டரிலிருந்தும் முடிந்தவரை தள்ளி. பக்கத்து வீட்டு வெந்நீர் அடுப்பு எந்த மூலையில் புகைகிறது என்றும் பார்த்துக்கொள். பக்கங்களை முழுக்கத் தட்டி வைத்து அடைக்காதே. இடுப்பளவு போதும், இரண்டு எதிரெதிர்ப் பக்கம் முழுக்கத் திறந்திருக்கட்டும். நாய் வருகிறது, மாடு வருகிறது என்று வலைக்கம்பி அடித்துப் பூட்டுப் போடத் தோன்றும். வேண்டாம்.

ஒயரைக் கீற்றோடு சேர்த்துக் கட்டவே கூடாது. எலிக்கு ஓலைக்குள் குடியிருக்கப் பிடிக்கும், ஒயரைக் கடிக்கவும் பிடிக்கும். குழாய்க்குள் விட்டு, தூண் வழியாக இறக்கி, எல்.இ.டி. பல்பை ஓலையில் படாமல் தொங்கவிடு. மெயின் சுவிட்ச் கொட்டகைக்கு வெளியே இருக்கட்டும். கரண்ட் போனால் மெழுகுவர்த்தி ஏற்றாதே. பேட்டரி விளக்கு இரண்டு வாங்கிக்கொள். கொசுவர்த்திச் சுருளுக்கும் அதே பேச்சுதான்.

தீப்பிடிக்காத மருந்து அடிக்கிறேன் என்று யாராவது வருவார்கள். வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்து அடித்தால் கொஞ்ச நாள் பலன் உண்டு, மழையில் கரைந்து போய்விடும். திரும்பத் திரும்ப அடிக்கவேண்டும். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொன்ன வழி எனக்குப் பிடித்தது: தார் கலந்த, மழைக்குக் கரையாத மண்பூச்சைக் கூரைக்குப் பூசுவது. ஓலைக்கு நடுவே காற்று புகாது, பொறியும் சுலபமாகப் பிடிக்காது. பாரம் கூடும், அதனால் மூங்கிலைத் தடிமனாக எடு. பூசினாலும் தீபாவளி ராக்கெட்டுக்கு உத்தரவாதம் இல்லை. அந்த வாரமும், கிறிஸ்துமஸ், புதுவருஷ வெடிக்கும் கூரையை நனைத்து வை. டியூஷனுக்கு லீவு விடு.

இரண்டு வாளி தண்ணீர், இரண்டு வாளி மணல், ஒரு நீளத் தொரட்டி. தொரட்டி எதற்கு என்பாய். அந்தக் காலத்தில் ஒரு குடிசை பிடித்தால் அடுத்த குடிசையின் ஓலையைத்தான் முதலில் இழுத்துப் போடுவார்கள், தீ தாவாமல் இருக்க. ஆனால் பிள்ளைகள் எல்லாரும் வெளியே வந்த பிறகுதான் தொரட்டியைத் தொடவேண்டும். தீயணைப்புக்கு 101, இல்லையென்றால் 112. யாருக்காவது சுட்டுவிட்டால் இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டு. இங்க், மாவு, பேஸ்ட் என்று பக்கத்து வீட்டுப் பாட்டி எதைக் கொண்டுவந்தாலும் தடவாதே.

மாதம் ஒருநாள் பாடத்தின் நடுவில் விசில் ஊது. புத்தகப் பையையும் செருப்பையும் விட்டுவிட்டுத் தெருமுனைப் பைப் அருகே போய் நிற்கவேண்டும், நீ பேர் கூப்பிட்டு எண்ணவேண்டும். முதல் தடவை சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சின்னப் பிள்ளைகளை எப்போதும் வெளிப்பக்கமாக உட்கார வை.

கும்பகோணத்துக்குப் பிறகு 2009-இல் உச்ச நீதிமன்றம், கட்டடம் பாதுகாப்பானதுதானா என்று பார்த்த பிறகே பள்ளிக்கு அங்கீகாரம் கொடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டது. வீட்டு டியூஷனைப் பார்க்க எந்த அதிகாரியும் வரமாட்டார். அதனால் நான் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் டேப்போடு வந்து பின்பக்கத்தை அளந்துவிடலாம். அதுவரை கீற்றுக்காரருக்கு முன்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
மாமா