தரப்புள்ளி உண்மை சொல்ல வேண்டுமானால்

சதுரங்க வீரர் ஒருவரின் ஆட்டத்திறனை எண்ணால் கூறுவதே தரப்புள்ளி. அமெரிக்காவில் பௌதிகவியல் பேராசிரியராக இருந்த ஆர்பாட் ஈலோ வகுத்த இம்முறையை, சர்வதேச சதுரங்க சம்மேளனம் 1970 இல் ஏற்றுக்கொண்டது. இணைந்த கணிதம் கற்கும் எனக்கு இதன் கணக்கு மிகவும் பிடித்தது.

1600 புள்ளியுள்ள மாணவி, 1800 புள்ளியுள்ளவருடன் ஆடுகிறாள் என்போம். அவளிடம் எதிர்பார்க்கப்படுவது 0.24 மட்டுமே. வென்றால் அவள் பெறுவது 1, எதிர்பார்த்ததைவிட 0.76 அதிகம். 18 வயதுக்குட்பட்ட, 2300 இலும் குறைந்த புள்ளியுள்ளவர்களுக்கு இதை 40 ஆல் பெருக்குவர். எனவே 30.4 புள்ளி கூடும். தோற்றால் குறைவது 9.6 தான்.

சூத்திரம் சரியாக இருந்தாலும் தரவு பிழைத்தால் விடை பிழைக்கும். பாத்திமா என்ற பெயரையே ஆங்கிலத்தில் நாம் எத்தனை விதமாக எழுதுகிறோம்! ஒருவரின் வெற்றி இன்னொருவரின் கணக்கில் சேராதிருக்கவே ஒவ்வொரு வீரருக்கும் தனி அடையாள இலக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் இருவரும் முடிவை எழுதிக் கையொப்பமிடுவதும் இதற்காகத்தான்.

இன்னொரு சிக்கல் ஆழமானது. ஒரு குழுவினர் தமக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தால், புள்ளிகள் அவர்களுக்குள்ளேயே சுற்றும். வெளியாருடன் ஒப்பிட முடியாது. பெண்கள் பெரும்பாலும் பெண்களுடனேயே ஆடியதால், அவர்களது புள்ளிகள் ஆண்களின் புள்ளிகளுடன் பொருந்தவில்லை என்று சம்மேளனம் 1986 இல் கருதியது. ஆகவே பெண்களுக்கு 100 புள்ளிகள் சேர்த்தது, ஒருவரைத் தவிர. அவர் ஹங்கேரியின் சூசன் பொல்கார், அப்போது வயது 17. அவர் ஆண்களுடனேயே அதிகம் ஆடியவர் என்பது காரணம். 1987 ஜனவரிப் பட்டியலில் அவர் பெண்களுக்கான முதலிடத்தை இழந்தார். ஓர் ஆட்டத்திலும் தோற்று இழந்த இடமல்ல அது.

2024 மார்ச்சிலும் ஒரு திருத்தம் நடந்தது. 2000 இற்குக் கீழிருந்தோருக்கு, 2000 இலிருந்து குறையும் அளவின் 40 சதவீதம் கூட்டப்பட்டது. 1500 ஆக இருந்தது 1700 ஆனது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதி. அளவையிலும் நிறுவையிலும் நீதி செய்யுமாறு நம் மார்க்கம் கற்பிப்பதும் இதைத்தானே?

பெற்றோரே, பெண்களுக்கான போட்டிகளுடன் திறந்த போட்டிகளிலும் உங்கள் பிள்ளைகளை ஆட விடுங்கள். பலருடனும் ஆடிப் பெற்ற எண்ணே அவர்களது திறமையை உள்ளபடி சொல்லும்.