சாரிச் சட்டைக்கு எந்த மணி?

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மாசிமகத் தேருக்கு உடுத்தவோ வீட்டுக் கல்யாணத்துக்கோ சட்டையில் மணி வேலை செய்ய விரும்பும் உக்குவளைப் பிள்ளைகள் பலர், முதலில் பூ வடிவத்தைத்தான் தேடுகிறார்கள். முதலில் மணியைத் தெரிவு செய்யுங்கள். மணி பிழைத்தால் எவ்வளவு நல்ல வடிவமும் முதல் கழுவலிலேயே கெட்டுவிடும்.

மணியின் அளவு இலக்கத்தில் சொல்லப்படும். இலக்கம் கூடக்கூட மணி சிறுக்கும். 15 ஏறக்குறைய 1.5 மில்லிமீற்றர், 11 சுமார் 2, 8 சுமார் 3, 6 சுமார் 4. சட்டைக்கு 11 போதும். அதில் 10 கிராமுக்கு ஆயிரத்துக்குச் சற்று மேல் மணிகள் வரும். 15 கண்ணை வருத்தும். பூவின் நடுப்பொட்டு போன்ற நுணுக்கமான இடங்களுக்கு மட்டும் அதை வையுங்கள். 8, 6 இரண்டும் மாலைக்கும் காப்புக்கும் பொருந்தும்.

அடுத்து வகை. செக் நாட்டு உருண்டை மணி கொஞ்சம் ஏற்றத்தாழ்வாக இருக்கும். கொடி, இலை வளைவுகளில் அதுவே இயல்பாகத் தெரியும். ஜப்பானின் மியுகி, டோஹோ மணிகள் ஒரே அளவு, துளையும் பெரிது. டெலிக்கா எனப்படும் உருளை மணி சதுரமாக அடுக்கி நெய்யும் பட்டிக்கு உரியது. நீண்ட குழல் மணியின் வெட்டு விளிம்பு நூலை அறுத்துவிடும். அதன் இரு முனையிலும் ஓர் உருண்டை மணி கோர்த்தால் அந்தத் தொல்லை குறையும்.

இந்தக் கலை நமக்குப் புதிதல்ல. மன்னாருக்கு அருகிலுள்ள மாந்தையிலும் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டிலும் கண்ணாடியைக் குழாயாக இழுத்து, வெட்டி, சின்ன மணிகள் செய்தார்கள். அவை தென்கிழக்காசியா வரை போயின. மாத்தளைக் கடையிலோ கொழும்புப் புறக்கோட்டையிலோ நாம் வாங்கும் மணியும் பெரும்பாலும் அதே இழுத்து வெட்டும் முறையில் வந்ததுதான்.

வாங்கியதும் சோதியுங்கள். கண்ணாடி கன்னத்தில் குளிரும். சுட்ட ஊசி பட்டால் பிளாஸ்டிக் உருகும், கண்ணாடி உருகாது. சில மணிகளை ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்து, சவர்க்காரத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவிடுங்கள். நிறம் விட்டால் சட்டைக்கு வேண்டாம். பளபளக்கும் உலோகப் பூச்சு வியர்வையில் உரியும். கக்கத்துக்கும் கழுத்து ஓரத்துக்கும் நிறம் கண்ணாடியோடு ஊறிய மணியே நல்லது.

இனித் தையல். துணியை வெட்டுமுன் வடிவத்தை வரைந்து சட்டத்தில் இறுக்குங்கள். தையல் ஓரத்திலிருந்து அரை அங்குலம் மணியின்றி விடுங்கள். மெசின் ஊசி மணியில் பட்டால் உடையும். 11 இலக்கத்துக்கு 10ஆம் நம்பர் மணி ஊசி, 15க்கு 12ஆம் நம்பர். நைலோன் நூலைத் தேன்மெழுகில் இழுத்தால் சிக்காது. மூன்று மணி கோர்த்துத் துணியில் இறக்கி, பின்னால் வந்து கடைசி மணிக்குள் ஊசியை மீண்டும் விடுங்கள். ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு முடிச்சு. ஆரி ஊசி வேகமானது. ஆனால் அது போடும் சங்கிலித் தையலில் ஓர் இடம் அறுந்தால் வரிசையே கழன்று போகலாம். அடிக்கடி உடுத்தும் சட்டைக்குப் பின்தையலே என் தெரிவு.

மாலைக்குத் தங்கூசி வேண்டாம், நாளடைவில் முறுகி வெடிக்கும். பின்னல் நைலோன் நூலை இரட்டையாகக் கோருங்கள்.

கழுவும்போது கையால் மட்டும், உட்புறம் வெளியே தெரியத் திருப்பி. அயன் பண்ணுவதும் அப்படியே, தடித்த துவாயின் மேல்.

கடைசியாக ஒன்று: தேவைக்கு மேல் 10 கிராமாவது சேர்த்து வாங்குங்கள். அடுத்த முறை கடைக்கு வரும் பொதியில் அதே நிறம் கிடைப்பது அரிது.